அடுத்து வரும் எழுத்து: தொலைத்தொடர்பு, மொழி, இலக்கியம், மருத்துவம் சேரும் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரியிலிருந்தும் தமிழ்த்துறையிலிருந்தும் மருத்துவக் கல்லூரியிலிருந்தும் ஆய்வுக்கு வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். சில விடைகள் நீளமானவை. பொருள் அங்கே விரிவாக இருப்பதே அதற்குக் காரணம்.

இந்த நான்கு துறைகளும் உண்மையிலேயே எங்கே சந்திக்கின்றன?

இதுவரை கேட்டதையோ படித்ததையோ வைத்துக்கொண்டு அடுத்து வரப்போவதை எவ்வளவு தூரம் ஊகிக்க முடியும் என்ற ஒரே கேள்வியில் நான்கும் சந்திக்கின்றன. ஊகிக்க முடிந்ததைக் கம்பியில் அனுப்ப வேண்டியதில்லை என்பது பொறியாளரின் கணக்கு. எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரலாம், எது வரக்கூடாது என்று மொழியியலாளர் விதி எழுதுகிறார். எதுகையும் மோனையும் அமைத்து ஓர் எதிர்பார்ப்பை எழுப்பி, அதை நிறைவேற்றியும் மீறியும் பாட்டுக் கட்டுகிறார் புலவர். பக்கவாதத்துக்குப் பிறகு அடுத்த சொல் நாவில் வராமல் தவிக்கும் ஒருவரின் எதிரே மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். நால்வரும் ஒரே பொருளைத்தான் அளக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால், இத்துறைகளுக்கு இடையே இருக்கும் சுவர் பல்கலைக்கழகக் கட்டடத்தில் மட்டுமே இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

இப்படி எண்ணிப் பார்க்கும் பழக்கம் எப்போது தொடங்கியது?

ஒரு கவிதையில் தொடங்கியது. 1913-ஆம் ஆண்டு ரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்க்கோவ், புஷ்கின் எழுதிய 'எவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுள் நாவலின் முதல் 20,000 எழுத்துகளைக் கையால் எண்ணினார். நூறு நூறு எழுத்துகளாகப் பத்துக்குப் பத்துக் கட்டங்களில் நிரப்பி, உயிரையும் மெய்யையும் பிரித்துக் குறித்தார். அவற்றில் 8,638 உயிர்கள், 11,362 மெய்கள். எங்கேனும் ஓர் எழுத்தைத் தொட்டால் அது உயிராக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 43. அதற்கு முந்தைய எழுத்து உயிர் என்று தெரிந்துவிட்டாலோ அந்த வாய்ப்பு 13-ஆகச் சரிகிறது. முந்தையது மெய் என்றால் 66-ஆக உயர்கிறது. ஓர் எழுத்து தனக்குப் பின் வருவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதை எண்ணால் காட்டிய அந்த முறைதான் மார்க்கோவ் சங்கிலி. பின்னாளில் பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினி நிரல்கள் பல பத்தாண்டுகள் அதன்மேல்தான் நின்றன.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த கிளாட் ஷானன் 1948-இல் தகவல் கோட்பாட்டை வெளியிட்டபோது அந்தச் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டார். 1951-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் வரும் சோதனையை எந்த வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம். ஒரு வாக்கியத்தை மறைத்து வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஊகிக்கச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்ததற்குப் போகலாம், தவறினால் சரியான எழுத்தைக் காட்டிவிட்டுத் தொடரலாம். அவர் காட்டிய ஓர் எடுத்துக்காட்டில் 129 எழுத்துகளில் 89 முதல் ஊகத்திலேயே சரியாக வந்தன. முன்னால் நீண்ட பகுதி தெரிந்திருந்தால் ஆங்கில எழுத்து ஒன்று சுமக்கும் புதுச்செய்தி 0.6 முதல் 1.3 பிட் வரைதான் என்று அவர் மதிப்பிட்டார் (சம வாய்ப்புள்ள ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லும் விடை சுமப்பது ஒரு பிட்). எதையும் ஊகிக்க முடியாத நிலையில், இடைவெளியையும் சேர்த்த 27 குறிகளுக்கு அது 4.75 பிட்டாக இருந்திருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் மொழியின் மிகைமை என்கிறோம்.

தமிழுக்கு இந்தக் கணக்கை யாராவது போட்டிருக்கிறார்களா?

போட்டிருக்கிறார்கள், அதுவும் மிக முன்பே. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, தமிழ் உரைநடையின் என்ட்ரோபி, அதாவது ஓர் எழுத்து சராசரியாகச் சுமக்கும் புதுச்செய்தியின் அளவு, பற்றிய கட்டுரையை 1963-இலேயே பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டார். கோலங்களின் கணித அமைப்பையும் சிந்துவெளி எழுத்துகளையும் ஆராய்ந்த அதே கை, 1978-இல் அச்சுத் தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் முறையையும் எழுதியது. இத்துறைக்கு வரும் தமிழ் மாணவர்களில் பலர் ஷானன் பெயரைச் சொல்கிறார்கள், சிரோமணியின் பெயரை அறியாமலே வந்து சேர்கிறார்கள். இது எனக்கு வருத்தம் தரும் செய்தி. தாம்பரத்தில் இருந்துகொண்டே உலகத்தோடு சம காலத்தில் ஆய்வு செய்ய முடிந்தது என்பதற்கு அவரே சான்று.

ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு தமிழுக்குப் பொருந்தாதா?

முறை பொருந்தும், எண்கள் பொருந்தா. தமிழில் அடுத்த எழுத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் தனி வகையானவை. அவற்றை நம் இலக்கண நூல்கள் மெய்ம்மயக்கம் என்ற தலைப்பில் முன்பே பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. தமிழ்ச் சொல்லின் நடுவில் க் வந்தால் அதன்பின் ககரம் தவிர வேறு மெய் வராது. பக்கம், அக்கா, மூக்கு என எத்தனை சொல்லை எடுத்தாலும் இதுதான் நிலை. ஆகவே அந்த இடத்தில் அடுத்த மெய்யின் என்ட்ரோபி பூச்சியம். ட், ற், ல், ள் ஆகிய நான்கைப் பற்றி 'டறலள என்னும் புள்ளி முன்னர்க் கசப என்னும் மூவெழுத்து உரிய' என்கிறது தொல்காப்பியம். தன்னோடு தானே மயங்குவதையும் சேர்த்தால், ற் என்னும் எழுத்துக்குப் பின் ற, க, ச, ப என நான்கே வாய்ப்புகள். நான்கும் சம வாய்ப்புடையவை என்று கொண்டாலும் அது 2 பிட்டைத் தாண்டாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு குறள் போதும். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்ற அடியை மறைத்து வைத்து ஊகிக்கச் சொல்லுங்கள். 'கற்' என்பது மூன்று முறை வருகிறது. ஒருமுறை ககரம், ஒருமுறை பகரம், ஒருமுறை றகரம் தொடர்கிறது. இலக்கணம் திறந்து வைத்த நான்கு கதவுகளில் மூன்றை வள்ளுவர் ஒரே அடியில் பயன்படுத்திவிட்டார். அடுத்த அடியின் முதற்சீரில் 'நி' என்று காட்டியவுடன், யாப்புப் பயின்ற மாணவர் தயங்காமல் 'ற்' என்கிறார். எதுகை அந்த எழுத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது. யாப்புப் பயிலாத மாணவர் அந்த இடத்தில் தடுமாறுகிறார். ஒரே எழுத்து ஒருவருக்குச் செய்தியாகவும் மற்றவருக்குச் செய்தியற்றதாகவும் இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆயினும் பழைய விதிகளை மட்டும் நம்பி இன்றைய பேச்சை அளக்கக் கூடாது. பக்தி, சப்தம் போன்ற சொற்களும், மருத்துவமனையில் நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் 'டாக்டர்' என்ற சொல்லும் அந்த விதியை மீறியே புழங்குகின்றன. இன்றைய வழக்கைப் புதிதாக எண்ணித்தான் ஆக வேண்டும்.

ஓலைச்சுவடிக்கும் பிழைதிருத்தும் குறியீட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். குறில் எகர ஒகரங்களுக்கும் நெடில்களுக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். இத்தனை செய்தி விடுபட்டும் சுவடியைப் படிக்க முடிந்ததற்கு மொழியின் மிகைமைதான் காரணம். 'கறக' என்று புள்ளியின்றி எழுதியிருந்தால் அதைக் கறக என்றும் கற்க என்றும் படிக்கலாம். இந்த இடத்தில் வெண்பாவின் தளை உதவாது, ஏனெனில் ஒன்று புளிமா, மற்றது தேமா. இரண்டும் மாச்சீர், இரண்டுக்குப் பின்னும் நிரை வரலாம். கறக என்றொரு சொல் தமிழில் இல்லை என்ற அறிவே பாடத்தைத் தீர்க்கிறது. செல்லரித்த இடத்தில் எதுகையைக் கொண்டும், எதுகை உதவாத இடத்தில் தளையைக் கொண்டும், இரண்டும் கைவிட்ட இடத்தில் பொருளைக் கொண்டும் பாடம் கண்ட பதிப்பாசிரியர்கள் செய்த வேலையும், இரைச்சல் மிகுந்த தடத்தில் வந்த செய்தியை, அதோடு சேர்த்தனுப்பிய மிகையான குறிகளைக் கொண்டு (இதுவே பிழைதிருத்தும் குறியீடு) மீட்கும் பொறியாளரின் வேலையும் தன்மையில் ஒன்றே.

தொலைபேசிப் பொறியியல் மருத்துவமனைக்குள் எப்படி வந்தது?

காது வழியாக வந்தது. தொலைபேசி வழியே பேசினால் எவ்வளவு புரிகிறது என்பதை அளக்க, பெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் பொருளற்ற அசைகளை ஒருவர் படிக்க மற்றவர் எழுதும் சோதனைகளை வகுத்தார்கள். ஹார்வி ஃப்ளெட்சர் அதை ஒரு முழுமையான அறிவியலாக வளர்த்தார். அதே குழுவின் கைவேலையாக 1920-களில் செவித்திறன் அளக்கும் கருவிகளும் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத் தகவல்தொடர்புக் கருவிகளைச் சோதிக்க ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒலிச்சமநிலை கொண்ட சொற்பட்டியல்கள் உருவாயின. பேச்சில் ஒவ்வோர் ஒலியும் எந்த விகிதத்தில் வருகிறதோ அதே விகிதத்தில் பட்டியலிலும் வர வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். போர் முடிந்ததும் அவை செவிநோய் மருத்துவத்துக்கு மாறின. இன்று ஒலி புகாத அறையில் உட்காரவைத்து, காதில் கருவி மாட்டி, 'நான் சொல்லும் சொல்லைத் திரும்பச் சொல்லுங்கள்' என்று கேட்கும் சோதனையின் பூர்வீகம் தொலைபேசிக் கம்பிதான்.

இரண்டாவது வழி இன்னும் வியப்பானது. ஹோமர் டட்லி என்ற பொறியாளர், பேச்சு அலையை முழுவதுமாக அனுப்பாமல், அதைச் சில அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஆற்றல் ஏறி இறங்குவதை மட்டும் அனுப்பினால் போதும் என்று காட்டினார். அவர் செய்த வோக்கோடர் கருவியின் நோக்கம் கம்பிச் செலவைக் குறைப்பது. ஆனால் ஒலியை மின்துடிப்பாக மாற்றிச் செவி நரம்புக்குக் கொடுக்கும், செவிக்குள் பொருத்தும் காக்ளியர் கருவிகள் வந்தபோது அதே கொள்கை மறுபிறவி எடுத்தது. மனித உட்செவியில் ஒலியை நரம்புக்கு அனுப்பும் உள்மயிர்ச் செல்கள் ஏறக்குறைய 3,500. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978-இல் முதன்முதலாகப் பொருத்திய பல்தடக் கருவியின் வழியில் வந்தவற்றில் மின்முனைகள் 22 மட்டுமே. இவ்வளவு குறைந்த தடங்களில் பேச்சு எப்படிப் புரிகிறது என்றால், மொழியின் மிகைமை மீதியை நிரப்புகிறது. 1995-இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற சோதனையில், நான்கே பட்டைகளாகச் சுருக்கிய பேச்சை இயல்பான செவியுடையவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான இந்த அறுவை சிகிச்சை இடம்பெற்றிருப்பதால், இக்கருவியின் வழியே தமிழை முதன்முதலாகக் கேட்கும் குழந்தைகள் நம்மிடையே வளர்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஒலி எட்டுகிறது, எது எட்டவில்லை என்பதை ஆங்கில ஆய்வுகளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஆங்கிலச் சொற்பட்டியலை மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால் என்ன?

பட்டியலின் உயிரே ஒலி விகிதத்தில் இருக்கிறது. மொழிபெயர்த்தால் பொருள் மிஞ்சும், விகிதம் போய்விடும். தமிழில் பொருளை மாற்றும் வேறுபாடுகளும் வேறு. கல், கள் என்ற இரண்டையும், அலை, அழை, அளை என்ற மூன்றையும் பிரித்துக் கேட்கும் தேவை ஆங்கிலச் செவிக்கு இல்லை. ழகரம் ஒலிக்கும்போது வாயறையின் மூன்றாம் ஒத்ததிர்வு (வாயறையில் ஒலி வலுப்பெறும் அதிர்வெண்) கீழிறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. அந்தப் பகுதியின் கேட்புத் திறன் குறைந்தவருக்கோ, மின்முனைகள் அதை நுணுக்கமாகப் பிரித்துத் தராதவருக்கோ லகர ழகர ளகரங்கள் குழம்பக்கூடும். மாறாக, படு, பாடு, பட்டு, பாட்டு என்னும் நான்கையும் முதன்மையாகக் கால அளவே பிரிக்கிறது. கால அளவைக் காக்ளியர் கருவி ஓரளவு நன்றாகவே கடத்தும் என்பதால், இவ்வேறுபாடு குழந்தைக்கு முன்னதாகப் பிடிபடும் என்பது என் எதிர்பார்ப்பு. சோதித்துப் பார்க்க ஏற்ற ஆய்வுக் கேள்வி இது.

பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதனால்தான் தொலைபேசியில் பெயரின் முதலெழுத்தைச் சொல்லும்போது 'எஸ்'ஸா 'எஃப்'ஃபா என்று எதிர்முனையில் இருப்பவர் கேட்கிறார். அவ்விரண்டையும் பிரிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி அத்தடத்துக்கு மேலே இருக்கிறது.

ஒரே ஆய்வாளர் நான்கு துறைகளிலும் ஆழமாக வேலை செய்திருக்கிறாரா?

ரோமன் யாக்கப்சன் செய்திருக்கிறார். 1896-இல் மாஸ்கோவில் பிறந்த அவர் கவிதையியலில் தொடங்கியவர். ஸ்வீடன் நாட்டுத் தொலைத்தொடர்புப் பொறியாளர் குன்னார் ஃபான்ட், மொழியியலாளர் மாரிஸ் ஹாலே ஆகியோருடன் சேர்ந்து 1952-இல், ஒலியலைப் படங்களை வைத்து மொழியொலிகளின் வேறுபடுத்தும் கூறுகளை வரையறுத்தார். பேச்சிழப்பு நோயாளிகளைப் பற்றி 1941-இலேயே எழுதிவிட்டார். 1956-இல் அதை விரித்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது: பேசுபவர் இரண்டு வேலை செய்கிறார், பல சொற்களிலிருந்து ஒன்றைத் தேர்கிறார், தேர்ந்தவற்றைக் கோக்கிறார். மூளை பாதிக்கப்படும்போது தேர்வு கெடலாம், கோவை கெடலாம். தேர்வு கெட்டவரிடம் பேனாவைக் காட்டினால் பெயர் வராது, 'எழுதுறது' என்பார். கோவை கெட்டவர் 'நான்... காலையில... டீ' என்று நிறுத்துவார். தேர்வைச் சார்ந்து நிற்பது உருவகம், கோவையைச் சார்ந்து நிற்பது ஆகுபெயர் என்று இலக்கியத்தோடு அவர் முடிச்சுப் போட்டார். 'ஊர் சிரித்தது' என்பதில் ஆகுபெயர் இருப்பதைப் பள்ளியிலேயே படித்த நமக்கு, பேனாவை 'எழுதுறது' என்று அழைக்கும் நோயாளியின் மொழி ஏதோ சிதைந்த குப்பையாகத் தோன்றாது. மிச்சமிருக்கும் வழியில் அவர் பொருளை அடைகிறார் என்று தெரியும். அவருடைய மனைவியோ மகளோ இதைப் புரிந்துகொண்டால் வீட்டில் நடக்கும் உரையாடலே மாறும். யாக்கப்சன் இரு வகையாகப் பிரித்ததைப் பின்வந்த மருத்துவ ஆய்வு பல வகையிலும் திருத்தியிருக்கிறது, ஆனால் கேள்வியை எழுப்பியவர் அவரே.

எழுத்தாளரின் நடையில் நோய் தெரியுமா?

சில வேளைகளில் தெரிந்திருக்கிறது. பிரிட்டிஷ் நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக் 1999-இல் அல்சைமர் நோயோடு இறந்தார். 1954, 1978, 1995 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய மூன்று நாவல்களை ஒப்பிட்டு 2005-இல் ஒரு மருத்துவக் குழு ஆய்வு வெளியிட்டது. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே எழுதிய கடைசி நாவலில் வாக்கிய அமைப்பு பெரிதும் குலையவில்லை. சொல்வளம் மட்டும் சுருங்கியிருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கக் கன்னியர் சிலர் இளவயதில் எழுதிய தன்வரலாறுகளை ஆராய்ந்து 1996-இல் வெளிவந்த ஆய்வு, அக்குறிப்புகளில் கருத்துச்செறிவு குறைந்தவர்களுக்கு முதுமையில் அறிவுத்திறன் குறைவு மிகுந்து காணப்பட்டதைக் காட்டியது.

இம்முறையைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் முதல் படியிலேயே சறுக்கும். சொல்வளத்தை அளக்க, மொத்தச் சொற்களில் எத்தனை வேறுவேறான சொற்கள் என்று எண்ணுகிறார்கள். வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்துதான் என்ற நான்கையும் கணினி நான்கு வேறு சொற்களாக எண்ணிவிடும். ஒரே சொல்லைச் சுற்றிச் சுற்றி வரும் நோயாளியும் சொல்வளம் மிக்கவராகத் தெரிவார். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பிரிக்கத் தெரிந்த தமிழ் மாணவர் இந்த இடத்தில் இல்லாவிட்டால் ஆய்வே பிழைபடும்.

படத்தைக் காட்டிப் பேசச் சொல்லும் சோதனை தமிழர்க்கு ஏற்றதா?

1972 முதல் புழங்கும் ஒரு படத்தில், நின்றபடி பாத்திரம் துடைக்கும் ஒரு பெண்ணின் அருகே தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிகிறது, முக்காலியில் ஏறிய சிறுவன் மேலலமாரியின் ஜாடியிலிருந்து பிஸ்கட் எடுக்கிறான், முக்காலி சாய்கிறது. உலகெங்கும் மறதி நோய் ஆய்வுக்கான பேச்சுப் பதிவுகளில் பெரும்பகுதி இதைப் பார்த்துப் பேசியவைதான். பாத்திரத்தை முற்றத்தில் உட்கார்ந்து துலக்கிய எழுபது வயதுப் பாட்டி இதைப் பார்த்து மௌனமாக இருந்தால், அது நோயா, அந்நியமான சமையலறையா என்று எப்படிப் பிரிப்பது? நம்முடைய அடுப்படியை, நம்முடைய தெருக்குழாயை வரைந்த படம் வேண்டும். நலமாக இருக்கும் முதியவர்கள் அதைப் பார்த்து எப்படிப் பேசுகிறார்கள் என்ற அளவுகோலும் வேண்டும். அவர்கள் பேச்சுத்தமிழில்தான் பேசுவார்கள், அதுவும் நெல்லையில் ஒரு மாதிரி, கோவையில் ஒரு மாதிரி. எழுத்துத்தமிழில் பழகிய நிரல் அங்கே தடுமாறும்போது அந்தப் பிழை நோயாளியின் கணக்கில் ஏறிவிடக் கூடாது.

செல்பேசியில் பேசினாலே நோயைக் கண்டுபிடித்துவிடும் செயலிகளை நம்பலாமா?

நோயறிதலுக்கு நம்பக் கூடாது. பேச்சு ஓர் அறிகுறி மட்டுமே. வயது, படிப்பு, பல் இல்லாமை, சளி, வட்டார வழக்கு அனைத்தும் அதை மாற்றும். ஏற்கெனவே நோய் உறுதியான ஒருவரின் பேச்சு மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று பின்தொடர்வதே இன்றைய நிலையில் நேர்மையான பயன்.

நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்ய என்ன செய்ய வேண்டும்?

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பெயரை நீக்கிவிட்டாலும் குரலே ஆளை அடையாளம் காட்டும் என்பதை மறக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பேச்சிழந்தவர் தலையசைத்துச் சம்மதிக்கிறார் என்றால், அதே கேள்வியை மாற்றிக் கேட்டு அந்தத் தலையசைப்பு உண்மைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். களைத்துவிட்டால் நிறுத்துங்கள்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். கணிதம் தெரியாமல் இதில் நுழையலாமா?

நுழையலாம். மடக்கை, நிகழ்தகவு இரண்டும் கற்க ஒரு பருவம் போதும். மெய்ம்மயக்கமும் யாப்பும் பொறியாளர் கற்க அதைவிட நாளாகும்.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ ஐந்து நிமிடம், அனுமதி பெற்று, விருப்பமான ஒன்றைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பேசியதைப் பேசியபடியே, 'வந்து', 'அது என்ன' என்ற தயக்கங்களையும் விடாமல் கையால் எழுதுங்கள். பிறகு மார்க்கோவ் செய்தது போலக் கட்டம் போட்டு முதல் ஆயிரம் எழுத்துகளை உயிராகவும் மெய்யாகவும் பிரித்து எண்ணுங்கள். உயிர்மெய்யை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதால் முதல் நூறுக்கே ஒரு மணி நேரம் ஆகும். குற்றியலுகரம் வரும் இடத்தில், இதை முழு உயிராக எண்ணுவதா வேண்டாமா என்று பேனா நிற்கும். அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வாருங்கள், பேச்சை அங்கிருந்து ஆரம்பிப்போம்.